தும்மலுக்குக் கட்டுப்பட்ட மாமனார்

ஆம்பூரில் ஒரு டேனரியில் தோல் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தபோது எனக்கு முயல் வளர்க்கும் ஆசை பிடித்தது. பெங்களூரிலிருந்து மூன்று ஜோடி வெள்ளை முயல்கள் வாங்கி வந்தேன். ஒரு வருஷத்தில் இருபத்திரண்டு ஆயின. கூண்டுகளை வாசலை ஒட்டிய சந்தில் அடுக்கியிருந்தேன். ஐப்பசி மழை தொடங்கியதும், குளிருமே என்று சுற்றிலும் கோணிச்சாக்கு கட்டினேன். பத்து நாளில் முயல்கள் தும்ம ஆரம்பித்தன.

"உங்க முயலுங்களுக்கு ஜலதோஷம்" என்றாள் மனைவி.

நீலகிரித் தைலத்தைத் துணியில் நனைத்துக் கூண்டுகளில் தொங்கவிட்டேன். தும்மல் ஜாஸ்தியானதுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் நாட்றம்பள்ளியிலிருந்து என் மாமனார் இரண்டு நாள் தங்கிப் போக வந்தார். சகுனத்தில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. மூன்றாம் நாள் காலை பையும் குடையுமாக வாசற்படியில் கால் வைத்தார். சந்திலிருந்து ஒரு தும்மல். உள்ளே திரும்பி உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். மறுபடி எழுந்தார், மறுபடி ஒரு தும்மல். மூன்றாவது சொம்பு காலியாவதற்குள் பஸ் போய்விட்டது.

"முயல் தும்மறதெல்லாம் சகுனத்துல சேராது மாமா" என்றேன்.

"தும்மல் தும்மல்தான் மாப்ள. எந்த மூக்குல வந்தா இன்னா?"

ரெட்டைத் தும்மலானால் தோஷமில்லை என்பார். அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார். ரெட்டையும் வரும், ஆனால் செருப்பை மாட்டுவதற்குள் மூன்றாவதும் வந்துவிடும். இப்படியே எட்டு நாள். மனைவிக்கு ஒரே சந்தோஷம், தினமும் அப்பாவுக்குப் பிடித்த குழம்பு. எனக்கோ ஒரு பீடி பிடிக்கக்கூடத் தெருக்கோடிக்குப் போகவேண்டியிருந்தது.

ஒன்பதாம் நாள், பக்கத்து வீட்டு வண்டிமாட்டைப் பார்க்க வந்த மாட்டு டாக்டரைக் கையோடு அழைத்து வந்தேன். சாக்கை விலக்கி முகத்தை உள்ளே நுழைத்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இது ஜலதோஷம் இல்லீங்க, கிருமி. ஒண்ணு தும்முனா பக்கத்துக் கூண்டுக்கும் ஒட்டிக்கும். இந்த மூத்திர நெடி என் கண்ணையே கரிக்குது, அதுங்க மூக்கு இன்னா ஆவும்? குளிரை அதுங்க தாங்கிக்கும். சாக்கை அவுத்துட்டு, சீக்கு வந்ததைத் தனியா பிரிச்சு வைங்க."

"மருந்து?"

"இதை முழுசா தீக்கற மருந்து இன்னும் வரலீங்க."

இருபத்திரண்டில் எதற்குச் சீக்கு என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை. மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னே வந்தார். எட்டு நாளாக அவர் வேறெதையும் காதில் வாங்கவில்லையே.

"இது ஒத்தத் தும்மல். இது ரெண்டு தும்மிட்டு, கொஞ்சம் நிறுத்தி மூணாவது தும்மும், மோசக்காரி. மூலைல இருக்கே, அது தும்மாது. மூச்சு மட்டும் கொர்ருன்னும்."

ஒன்பது முயல்களைத் தொட்டுக் காட்டினார். டாக்டர் ஒவ்வொன்றின் முன்னங்காலையும் திருப்பிப் பார்த்தார். முயல் அந்தக் காலாலேயே மூக்கைத் துடைத்துத் துடைத்து, உள்பக்க மயிர் சளி காய்ந்து சடைபிடித்திருந்தது. ஒன்பதிலும் அப்படித்தான். மற்றவற்றின் கால்கள் சுத்தமாக இருந்தன.

"பெரியவர் மாட்டாஸ்பத்திரில வேலை பார்த்தவரா?" என்று டாக்டர் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்.

ஒன்பதையும் கிணற்றுக்கு அப்பால் ஒரு கொட்டகைக்கு மாற்றினோம். சந்திலிருந்த கூண்டுகளைக் கழுவி, சுண்ணாம்பு அடித்துக் காயவைத்தோம். பிரித்து வைத்ததில் நான்கு செத்துப்போயின. ஒன்றுக்குக் கிருமி காதுக்குள் இறங்கிக் கழுத்து ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. மாமனார் தன் தலையையும் அதே பக்கம் சாய்த்துக்கொண்டு அதற்குக் கீரை ஊட்டுவார்.

வாசலில் சத்தம் அடங்கியது. "நாளைக்குக் காலை பஸ்ஸுக்குப் போய்டலாம் மாமா" என்றேன், கொஞ்சம் அவசரமாகவே.

"இந்தக் கழுத்து சரியாவட்டும் மாப்ள. பாதியில விட்டுட்டு எப்படிப் போறது?"

கழுத்து சரியாகவில்லை. ஆனால் முயல் தானே தின்னப் பழகிக்கொண்டது. அதற்கு மூன்று வாரம் பிடித்தது. தினமும் சாயங்காலம் நான் டேனரியிலிருந்து வந்ததும் மாமனார் ஒவ்வொரு முயலின் நிலவரமும் சொல்வார். அதைக் கேட்கவே நான் வேகமாக வீட்டுக்கு நடக்கிறேன் என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

அவர் புறப்பட்ட காலையில் நல்ல மழை. சீக்கு அண்டாத ஒரு ஜோடியை மூங்கில் கூடையில் வைத்துக் கொடுத்தோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்து, மூடியைத் திறந்து இரண்டின் மூக்கையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். மழையிலும் என்ஜின் சத்தத்திலும் ஒன்றும் கேட்கவில்லை. முகம் மட்டும் மலர்ந்திருந்தது.