சாச்சி வீட்டுப் பிரவுனி

என் மகளுக்குக் கோதுமை ஆகாது என்று டொக்டர் சொன்ன அன்று, என் குசினி மேசையில் ஒரு கலியாண கேக் பாதி வேலையோடு நின்றது.

மாதக்கணக்காக வயிற்றுவலி என்று சுருண்டு கிடந்தவள் அவள். சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. பள்ளிக்கூடச் சட்டை தோளில் தொங்கியது. பூச்சி மருந்து கொடுத்தோம், கசாயம் கொடுத்தோம், ஓதியும் பார்த்தோம். கடைசியில் கல்முனையில் ஒரு டொக்டர் இரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு, கோதுமையில் இருக்கிற குளுட்டன் என்ற பொருள்தான் இவளுடைய குடலைப் புண்ணாக்குகிறது, இனி ஆயுளுக்கும் அதைத் தொடக் கூடாது என்றார். சோறும் இடியப்பமும் தின்னலாம், அரிசிதானே. பாண், பணிஸ், ரொட்டி, கேக் எதுவும் ஆகாது.

"வீட்டில கோதும மா நிறையப் புழங்குறீங்களா?" என்று கேட்டார்.

என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கேக் செய்து விற்கிறவள் என்பதை அவர்தான் சொன்னார்.

"அப்ப அந்தக் குசினியில அவிக்கிற எதையும் புள்ளைக்குக் குடுக்காதீங்க. மா காத்தில பறக்கும். அரிதட்டில, கரண்டியில எல்லாம் ஒட்டியிரிக்கும். ஒரு துளி போதும்."

எங்கள் ஊரில் பிறந்தநாள், கலியாணம், பெருநாள் எதுவென்றாலும் கேக்குக்கு என் வீட்டுப் படலையைத்தான் தட்டுவார்கள். பதினைந்து வருடங்களாக அதுதான் என் பெயர், கேக் ராத்தா. அந்தக் கையால் என் பிள்ளைக்கு ஒரு வாய் கொடுக்க முடியாது என்று அன்று ஆகிப்போனது.

எங்கள் உம்மா தன் வளவை இரண்டாகப் பிரித்து, முன்பக்க வீட்டை எனக்கும் பின்பக்க வீட்டைத் தங்கச்சிக்கும் கொடுத்திருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிணறும் துணி காயப்போடும் கொடியும்தான். செய்தியைக் கேட்டதும் தங்கச்சி கொடியைக் குனிந்து கடந்து வந்தாள்.

"ராத்தா, புள்ளட சாப்பாட்ட என்ட வீட்டில ஆக்குறன். நீங்க யோசிக்காதீங்க. கேக் ஓடர நிப்பாட்டவும் வேணாம்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். அவளுடைய நல்ல மனம்தான் அன்றைக்கு எனக்கு முள்ளாகக் குத்தியது. என் பிள்ளைக்கு இன்னொருத்தி ஆக்கிப் போடுவதா? ஆனாலும் வேறு வழி இல்லை. மகள் மூன்று வேளையும் தன் சாச்சி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரத் தொடங்கினாள். உடம்பும் தேறியது. அதற்கு நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். சாச்சிக்கு நன்றி சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

சோறு கறியோடு அது நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். ஒரு நாள் மகள் அழுதுகொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை நான் செய்த கேக்கைக் கொண்டுவந்து எல்லோருக்கும் பங்கு வைத்திருக்கிறாள். இவள் மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் தங்கச்சி அந்த வேலையில் இறங்கினாள்.

தங்கச்சிக்குக் கேக் அடிக்கத் தெரியாது. சின்ன வயதில் அவள் செய்த பட்டர் கேக்கைக் கோழிகூடக் கொத்தவில்லை. அவள் கணவர் கட்டாரிலிருந்து வந்தபோது கொண்டுவந்த சின்ன மின்சார அவன் அடுப்பின் மேல் வருடக்கணக்காகச் சட்டிமூடிகளை அடுக்கி வைத்திருந்தவள். இப்போது மூடிகளை இறக்கி, அடுப்பைத் துடைத்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தேங்காய் மாவில் பிரவுனி செய்யப் போகிறேன் என்றாள். நான் உள்ளுக்குள் சிரித்தேன்.

தேங்காய் மாவையும் அவளே செய்தாள். கறிக்குப் பால் பிழிந்த சக்கையை வீசாமல் பாயில் பரப்பி வெயிலில் போட்டாள். அது மண்ணை அள்ளி வீசும் கச்சான் காற்று அடிக்கும் காலம். ஒரு பழைய சேலையால் மூடி, நான்கு மூலையிலும் கல் வைத்து, காகத்தை விரட்டிக்கொண்டு அவளே காவலிருந்தாள். காய்ந்ததைக் கிரைண்டரில் அடித்து, புது அரிதட்டு ஒன்று வாங்கி அதில் அரித்தாள். என் வீட்டு அரிதட்டை அவள் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்கவில்லையே என்று இருந்தது.

முதல் தட்டு காய்ந்த மண் மாதிரி உதிர்ந்தது. நான் குசினி யன்னலால் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு மனதில் ஒரு குளிர்ச்சி. அடுத்த தட்டும் சரிவரவில்லை. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஆண்கள் திரும்புகிற நேரம், கொக்கோ மணம் கிணற்றைத் தாண்டி என் வாசலுக்கு வந்தது. மணத்தை வைத்தே எனக்கு விளங்கிவிட்டது. இந்த முறை சரியாக வெந்திருக்கிறது.

மகள் ஓடி வந்தாள். வாயெல்லாம் கறுப்பு.

"உம்மா, பாருங்களேன்! மேல வெடிச்சிரிக்கி, உள்ளுக்க மெத்துமெத்தெண்டு இரிக்கி. உங்கட கேக்க விட நல்லம் உம்மா!"

குழந்தைதானே, நினைத்ததைச் சொன்னாள். நான் அவள் நீட்டிய துண்டைக் கடித்தேன். மேலே மெல்லிய ஓடு, உள்ளே ஈரம், தேங்காயின் வாசம் கடைசியில்தான் வந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. "சீனி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றேன். அவள் முகம் வாடியதைக் கண்டும் அதைத் திருத்திச் சொல்லவில்லை.

அதன் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. மகள் பள்ளி விட்டு வந்ததும் புத்தகப் பையை என் வீட்டில் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடுவாள். அங்கிருந்து சாச்சியும் மகளும் சிரிக்கிற சத்தம் வரும். நான் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளையின் பெயரைக் கேக்கில் எழுதிக்கொண்டிருப்பேன். எழுத்துக் கோணும். வழித்துவிட்டுத் திரும்ப எழுதுவேன்.

வீட்டில் ஆள் இல்லாத ஒரு காலையில் நானும் செய்து பார்த்தேன். கடையில் தேங்காய் மா ஒரு பக்கட் வாங்கி ஒளித்து வைத்திருந்தேன். பிள்ளைக்குக் கொடுக்க அல்ல, என் குசினியில் செய்ததைக் கொடுக்க முடியாது. எனக்கும் வரும் என்று எனக்கே காட்டிக்கொள்ளத்தான். கோதுமை மா போடுகிற அளவுக்கே தேங்காய் மாவையும் போட்டேன். கலவை கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது. பால் ஊற்றினேன், குடித்தது. இன்னும் ஊற்றினேன், அதையும் குடித்தது. வெந்து வந்ததை வாயில் போட்டால் தொண்டையில் அடைத்தது. கோழிக்குப் போட்டேன். கோழி கொத்தியது, அதுவும் எனக்கு ஆறுதலாக இல்லை.

மகளிடம் மெல்லக் கேட்டேன். "சாச்சி அதுக்கு எத்தின முட்ட போடுறா, மகள்?"

"சாச்சிட்ட கேளுங்களேன். சொல்லித் தருவா."

நான் கேட்கவில்லை.

மகளின் பிறந்தநாள் வந்தது. ஒவ்வொரு வருடமும் அவளுக்கு நான்தான் கேக் செய்வேன். ஒரு வருடம் மயில் உருவம், ஒரு வருடம் கிணற்றடி ஆமை, அவள் எதைக் கேட்டாளோ அது. இந்த வருடம் தங்கச்சி ஒரு பெரிய பிரவுனி செய்து, மேலே மாதுளை முத்துகளால் அவள் பெயரின் முதல் எழுத்தை அடுக்கிக் கொண்டுவந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். எல்லோரும் தின்றார்கள். கோதுமை இல்லை என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. என்னிடம் எப்போதும் கேக் வாங்குகிற பெண் ஒருத்தி, என் முன்னாலேயே தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"எங்கட மாமிக்கி சீனி வருத்தம். சீனியக் குறைச்சு இதுல ஒரு தட்டு செஞ்சு தாகா. இனி உன்ட கைதான்."

நான் தட்டுகளை அள்ளிக்கொண்டு எழுந்து உள்ளே போனேன். தங்கச்சி பின்னால் வந்தாள்.

"ராத்தா, ஏன் ஒரு மாதிரி இரிக்கீங்க?"

"ஒண்டுமில்ல. நீ போ. உன்ட ஓடரப் பாரு."

"நான் என்ன ஓடரா கேட்டன்? புள்ளைக்கித்தானே செஞ்சன்."

"ஓம், புள்ளைக்கித்தான். இப்ப என்ட புள்ள என்ன ஏறெடுத்தும் பாக்கிறல்ல. சாச்சி, சாச்சி, சாச்சி. பெத்தவ நான் ஒருத்தி இரிக்கன் எண்டு ஆருக்கும் நினைவில்ல."

அவள் என் கையிலிருந்த தட்டுகளை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகத்தான் கதைத்தாள். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

"என்ட மகன்மார் ரெண்டு பேரும் எங்க வளந்தானுகள் ராத்தா? இந்தக் குசினியில. பெருநாளைக்கி நான் செஞ்ச வட்டிலப்பம் அப்பிடியே கிடக்கும். பெரியம்மாட கேக் எண்டு இஞ்சதான் ஓடி வருவானுகள். மூத்தவன் ஒரு தரம் என்னைப் பாத்து, நீங்க பெரியம்மா மாதிரி இல்லையே எண்டு கேட்டான். நான் உங்களுக்கிட்ட ஒரு நாளாவது சொன்னனா?"

அவளுடைய மகன்கள் என் மேசையைச் சுற்றி நின்று கிண்ணத்தை விரலால் வழித்து நக்கிய காலமெல்லாம், அந்தக் கொடிக்கு அப்பால் இவள் நின்று பார்த்திருக்கிறாள். நான் ஒரு தரமும் திரும்பிப் பார்த்ததில்லை.

"முட்ட கூடுதலாப் போடணும்" என்றாள் பிறகு, தானாகவே. "கோதும மா போடுற அளவுல கால்வாசி போதும். தேங்கா மா தண்ணியக் குடிக்கும். கலந்துட்டு கொஞ்ச நேரம் அப்பிடியே விடுங்க, மறுகாதான் அவனுக்க வைக்கணும்."

நான் மா வாங்கி ஒளித்து வைத்துச் செய்து பார்த்தது அவளுக்குத் தெரியுமா என்று கேட்கவில்லை. கோழிகள் அவளுடைய பக்கத்திலும்தான் மேய்கின்றன.

நெல் வெட்டு முடிந்த பிறகு என் கணவர் வளவின் தெற்கு மூலையில், தகரம் போட்டு எனக்கு ஒரு கேக் அறை கட்டித் தந்தார். மா மூட்டை, பழைய அவன், தட்டுகள், அரிதட்டு எல்லாம் அங்கே போயின. வீட்டுக் குசினியை மேலிருந்து கீழ்வரை கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, மரக்கரண்டிகளை எரித்துவிட்டு, கரண்டியும் அரிதட்டும் சின்ன அவன் ஒன்றும் புதிதாக வாங்கினேன். கேக் வேலை முடிந்தால் குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டுதான் குசினிக்குள் கால் வைப்பேன். மகள் மீண்டும் என் கையால் சோறு தின்னத் தொடங்கினாள்.

ஒரு பின்னேரம் அவளுக்கென்று பிரவுனி செய்தேன். தங்கச்சி சொன்ன அளவு, தங்கச்சி சொன்ன பக்குவம். மேலே வெடித்து, உள்ளே ஈரமாக வந்தது. மகள் ஒரு துண்டு தின்றாள், இன்னொரு துண்டு தின்றாள். மூன்றாவதைத் தட்டில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போறாய்?"

"சாச்சிக்கி."

யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். தங்கச்சி கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு வாங்கி, வாயில் போட்டு, நிதானமாக மென்றாள். பிறகு என் யன்னலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"நல்லாரிக்கி ராத்தா! ஒரு கிள்ளு உப்பு மட்டும் போட்டுப் பாருங்க!"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. பதினைந்து வருடம் கேக் செய்கிறவளுக்கு இவள் உப்புச் சொல்லித் தருகிறாள். யன்னலைச் சாத்தினேன்.

அடுத்த முறை உப்புப் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.