படகைக் கழுவுவது போல

மீன் செதில் கையில் ஒட்டிக்கொள்வது போலத்தான் அதுவும் ஒட்டும். மெலிதாக, கண்ணாடி மாதிரி, வெயிலில் காய்ந்து மொரமொரவென்று. எங்கள் அப்பாவின் பழைய கார் பானெட்டிலிருந்து உரிந்து வந்த மேல்பூச்சு அது. பழவேற்காட்டுக் காற்றில் அது படபடக்கும் சத்தம்தான் அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டு வாசலில் ஓயாமல் கேட்டது.

முகத்துவாரம் மண்மூடி ஏரியில் மீன்பாடு விழுந்துபோன பிறகு, அப்பா படகை விற்று, யாரோ ஓட்டித் தேய்த்த அந்தச் சிவப்புக் காரை வாங்கி, காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேலைக்கு விட்டிருந்தார். எங்கள் வீட்டில் உலை கொதித்தது அதை நம்பித்தான். அதனாலேயே, படகைக் கழுவிய பழக்கத்தில், தினமும் சாயங்காலம் ஏரியின் உப்புத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி அதைக் குளிப்பாட்டினார். "குடிக்கவே தண்ணி லாரிய பாத்துக்கினு கெடக்கறோம், காருக்கு இன்னாத்துக்கு நல்ல தண்ணி?" என்று அம்மாவும் அதையே சரி என்றாள். உப்பு தன் வேலையைக் காட்டும் என்று எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. முதலில் கூரையில் தேமல் போல வெளுத்தது. பிறகு தோல் உரியத் தொடங்கியது.

"தோலுரிஞ்ச வண்டில ஆபீசருங்கள ஏத்த முடியாதுப்பா. திங்கக்கெழமைக்குள்ள சரி பண்ணலன்னா வேற வண்டி வச்சுக்குவோம்" என்று கம்பெனி சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். பொன்னேரியில் பெயின்ட் அடிக்கக் கேட்ட கூலி எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான், ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடும் சித்தப்பா, "கடல்லயே தாங்குற ரெசின், ரோட்ல தாங்காதாண்ணா?" என்று அந்தப் பிசின் டப்பாவோடு வந்தார். இருவரும் பூசி முடித்தபோது கார் புதிதாக மின்னியது. அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

பள்ளி விடுமுறை என்பதால் அந்தத் திங்கட்கிழமை நானும் ஏறிக்கொண்டேன். ஈரக்காற்றில் ரெசின் காயவே இல்லை. வழி நெடுக மணலும் பூச்சியும் அப்பிக்கொண்டுதான் கம்பெனி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். சூப்பர்வைசர் விரலை வைத்தார், பிசுபிசுவென்று ஒட்டியது. "இன்னாய்யா இது, கார எடுத்தாரச் சொன்னா கருவாட்ட எடுத்தாந்துகிற?" என்றார். சுற்றியிருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். அப்பா தோள் துண்டால் துடைத்தார். துண்டு ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுத்து, எங்களுக்குப் பதிலாக வேறு வண்டி உள்ளே போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து ரெசினைச் சுரண்டியதில் பெயின்ட்டும் சேர்ந்து வந்து தகரம் தெரிந்தது. அடுத்த மழைக்குள் துரு அரித்துவிட்டது. அப்பா அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார்.

இன்று அந்தக் காரும் இல்லை, படகும் இல்லை. கார் நின்ற இடத்தில் யாரோ வீடு கட்டிவிட்டார்கள். போன மாதம், நான் லோன் போட்டு வாங்கிய காரை ஊருக்கு ஓட்டிப் போனேன். அப்பா உள்ளே ஏறிப் பார்க்கவில்லை. குடிக்கப் பிடித்து வைத்திருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்து, பானெட்டில் ஊற்றத் தொடங்கினார். வீட்டில் இருந்தது அந்த ஒரு குடம்தான். நான் தடுக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதயாச்சும் காப்பாத்திக்கோ" என்றார் அப்பா என்னிடம்.