நாலு மாடி உயரக் கப்பல்

பேசுவதற்கு முன்னால் எதையாவது மூன்று தட்டுத் தட்டுவது மைக்காரரின் வழக்கம். கையில் டம்ளர் இருந்தால் டம்ளர், செய்தித்தாள் இருந்தால் செய்தித்தாள், ஒன்றுமில்லை என்றால் கதவு நிலை. டொக், டொக், டொக். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சோப்பு தீர்ந்துபோச்சு" என்பார்.

கல்யாணமான புதிதில் அவர் மனைவி ஒவ்வொரு தட்டுக்கும் போட்டது போட்டபடி ஓடி வந்தாள். ஏதோ பெரிய செய்தி வரப்போகிறது என்று நினைப்பு. சோப்புக்கும் சாவுச் செய்திக்கும் ஒரே முன்னறிவிப்புதான் என்று புரியவே அவளுக்கு வெகுநாள் ஆயிற்று. அதன்பிறகு தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "டெஸ்டிங் முடிஞ்சுதா? சொல்லுங்க" என்பாள்.

நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் அவர்கள் குடியிருந்தார்கள். முன்னறையில் பாதி அவருடைய ஒலிபெருக்கிகளும் வயர்ச் சுருள்களும். மீதிப் பாதி அவள் கடைகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜன்னல் திரைகள். வீட்டுக்கு வருபவர்கள் ஒலிபெருக்கிக் குழாயில் இடித்துக்கொண்டு திரையில் சிக்கிக்கொள்வார்கள். பேருந்து நிலையத்தில் காணாமல்போன பிள்ளைகளைப் பற்றி அறிவிப்பதுதான் அவருக்கு நிலையான வேலை. அவர் சொல்லும் அடையாளங்களைக் கேட்டால் பெற்றவர்களுக்கே இது நம் பிள்ளைதானா என்று சந்தேகம் வரும். மூக்கொழுகும் பையனைக்கூட, "அறிவு ததும்பும் கண்களையுடைய சிறுவன்" என்றுதான் சொல்வார்.

அப்படியிருக்கும்போதுதான் ஊருக்கு முதல் பாய்மரக் கப்பல் வந்தது. வருவதற்கு அதற்கு ஓர் உத்தேசமும் இல்லை. வேறெங்கோ போகிற வழியில் தொட்டியில் இருந்த குடிதண்ணீர் கெட்டுப்போய், நல்ல தண்ணீர் பிடிக்க ஒதுங்கியது. நீராவிக் கப்பலும் எண்ணெய்க் கப்பலும் பார்த்துச் சலித்த ஊர், வெள்ளைப் பாய்களைக் கண்டதும் வேலையை விட்டுவிட்டுத் துறைமுகத்துக்கு ஓடியது. கூட்டம் முண்டியடித்தது. கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்ல மேயர் மைக்காரரை அழைத்தார்.

மைக்காரர் தள்ளி நிற்கச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கப்பலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "இதோ, நாலு மாடி உயரக் கப்பல்" என்று முழங்கினார். நாலு மாடி என்றதும், முழுசாகப் பார்ப்பதற்காகக் கூட்டம் தானாகப் பின்னால் நகர்ந்தது. நாலு மாடி என்று ஏன் சொன்னார் என்றால், அவர் குடியிருந்த கட்டடம் நாலு மாடி. அதற்கு மேல் உயரமான எதையும் அவர் நெருங்கிப் பார்த்ததில்லை. கப்பலின் வயதைக் கேட்டபோது மாலுமி ஒருவன் மூன்று விரலைக் காட்டினான். அவன் மூன்று மூட்டை உருளைக்கிழங்கு கேட்டிருக்கிறான். "முந்நூறு ஆண்டு பழமை வாய்ந்த" என்று அறிவிப்பு போயிற்று. உண்மையில் அந்தக் கப்பல் மேயரைவிட இளையது.

அவரைப் பொய்யர் என்று சொல்லிவிடலாம். ஆனால் மைக்கைப் பிடித்துக்கொண்டு "எனக்குத் தெரியாது" என்று சொன்ன ஒருவரையாவது யாராவது கேட்டிருக்கிறார்களா?

மூன்றாம் நாள், தண்ணீர் கொடுத்த நன்றிக்காகக் கப்பல் தலைவர் ஊர்ப் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு விரிகுடாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மைக்காரரின் மனைவி கரையில் நின்று பார்த்தாள். பாய்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து காற்றில் புடைத்தன. வாழ்நாள் முழுக்கத் துணியை ஜன்னலில் தொங்கவிட்டுத்தான் அவளுக்குப் பழக்கம். ஒரு துணி இவ்வளவு பேரை இழுத்துக்கொண்டு போகும் என்று அவள் நினைத்ததே இல்லை. ஓரம் மடித்து அடித்திருக்கிறார்களா, கயிறு வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். மேடையிலிருந்து மைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். வீட்டுக்குப் போனதும் டம்ளரைத் தட்டினார்.

"அடுத்த தடவை உன்னை அதுல கூட்டிட்டுப் போறேன்."

"மைக்ல சொல்றீங்களா, என்கிட்ட சொல்றீங்களா?"

"உன்கிட்டதான்."

"அப்போ சரி" என்றாள். மைக்கில் சொல்வதற்கும் வீட்டில் சொல்வதற்கும் அவள் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தாள். ஊருக்குச் சொன்னதை அவள் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. தன்னிடம் சொன்னதை ஒருநாளும் மறந்ததில்லை.

கப்பல் போன பிறகு நகர மன்றம் கூடி, நடந்து முடிந்தது "முதலாவது பாய்மரக் கப்பல் விழா" என்று தீர்மானம் போட்டது. இனி நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை விழா. துறைமுக வாசலில் கல்வெட்டு வைத்தார்கள். "முந்நூறு ஆண்டுப் பாரம்பரியம்" என்று அதில் பொறித்தார்கள். பின்னாளில் ஒரு கல்லூரி மாணவர் இந்த விழாவின் வரலாற்றை ஆய்வு செய்ய வந்தார். முந்நூறு ஆண்டுக்கு ஆதாரம் என்னவென்று மைக்காரரைக் கேட்டார். மைக்காரர் கல்வெட்டைக் காட்டினார். கல்வெட்டுக்கு ஆதாரம் என்னவென்று விழாக்குழுச் செயலாளரைக் கேட்டார். செயலாளர் மைக்காரரைக் காட்டினார். இரண்டு தனித்தனிச் சான்றுகள் என்று எழுதி மாணவர் பட்டம் வாங்கிவிட்டார்.

இரண்டாவது விழாவுக்கு ஐந்து கப்பல்களை அழைத்ததில் மூன்று வந்தன. மைக்காரர் செயலாளரிடம் முன்கூட்டியே இரண்டு இடம் சொல்லி வைத்திருந்தார். மனைவி நல்ல துணி உடுத்திக்கொண்டு, ரொட்டியும் வேகவைத்த முட்டையும் டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து, விருந்தினர் வரிசைகளில் மூன்றாவதில் உட்கார்ந்தாள். புறப்படும் நேரத்தில் மேயரின் மைத்துனர் குடும்பம் ஏணியில் ஏறியது. அதன் பின்னால் மைத்துனரின் மைத்துனர் குடும்பம் ஏறியது. செயலாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணி, ஒரே ஒரு இடம்தான் மிச்சம். நீங்க மட்டும் ஏறிக்கங்க. அண்ணன் இல்லைன்னா கப்பல் கிளம்புறதை யார் சொல்றது?"

"கிளம்புறது கண்ணுக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணி. ஆனா சொன்னாத்தானே கை தட்டுவாங்க."

"கூட்டிட்டுப் போறேன்னு சொன்னவர் வரட்டும். அப்போ ஏறிக்கிறேன்" என்று சொல்லி டப்பாவைத் திறந்தாள். அறிவிப்பு முடிந்து மைக்காரர் வந்தபோது ஒரு முட்டையை உரித்து நீட்டினாள். "கப்பல்ல சாப்பிட்டா குமட்டுமாம். கரையிலயே சாப்பிட்டது நல்லதாப்போச்சு."

அவர் டப்பா மூடியைத் தட்டினார். "அடுத்த தடவை நிச்சயம்."

மேயர் மாறினார். செயலாளர் மாறவில்லை. புது மேயருக்கு ஒரு யோசனை உதித்தது. மக்கள் கரையில் இடிபட்டுக் கப்பலைப் பார்ப்பது நகரத்துக்கு அழகல்ல. துறைமுக வாயிலுக்குக் குறுக்கே ஒரு பார்வையாளர் பாலம் கட்டிவிட்டால், கப்பல்கள் காலுக்குக் கீழே வரிசையாக உள்ளே வருவதைப் பூப்போட்டு வரவேற்கலாம். எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்று பொறியாளர் கேட்டார். செயலாளர் விழா மலரைப் புரட்டிப் பார்த்தார். அதில் இருந்த விவரம் எல்லாம் மைக்காரர் சொன்னதுதான். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போன் போட்டார்.

மைக்காரர் ரிசீவரைத் தட்டினார். "யாரு? ஆமா, சொல்லுங்க. கப்பலா? நாலு மாடி." போனை வைத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். "பாலம் கட்டுறதுக்கு என்னைக் கேட்டுக்கிறாங்க, பாரு."

"அளந்தீங்களா?"

"ஏழெட்டு வருஷமா சொல்றேன். ஒருத்தராவது இல்லைன்னு சொன்னாங்களா?"

மைக்கில் சொன்னது அது. அதனால் அவள் விட்டுவிட்டாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மாடி தாராளம் விட்டு, ஐந்து மாடி உயரத்தில் பாலம் எழுந்தது. மூன்றாவது விழா அன்று காலையில் திறப்பு. ரிப்பனை வெட்டினார்கள். பாலம் முழுக்கத் தலைகள், கை நிறையப் பூக்கள். முதல் கப்பல் அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டி வந்தது. வேகம் குறைந்தது. நின்றது. கப்பல் தலைவர் தொலைநோக்கியை எடுத்துப் பாலத்தைப் பார்த்தார். பிறகு தன் தலைக்கு மேலே பாய்மரத்தைப் பார்த்தார். மறுபடி பாலத்தைப் பார்த்தார். கப்பல் மெதுவாகத் திரும்பியது.

"ஏன் திரும்புது?" என்றார் மேயர்.

"மரியாதைக்கு ஒரு சுத்து சுத்துறாங்க சார்" என்றார் செயலாளர்.

சுற்றிய கப்பல் திரும்பி வரவே இல்லை. மேடைக்குப் பின்னால் அவசரக் கூட்டம் நடந்தது. யாரும் தப்புச் செய்யவில்லை என்பது கூட்டத்தில் தெளிவாயிற்று. கப்பல் நாலு மாடிதான். அதன்மேல் நிற்கும் மரம்தான் பத்து மாடி. மரத்தின் உயரத்தை யாரும் கேட்கவில்லை, ஆகவே யாரும் சொல்லவில்லை. "விழா முடியற வரைக்கும் மரத்தைக் கழட்டி வைக்க முடியுமான்னு கேளுங்க" என்றார் மேயர். ஆள் போய்க் கேட்டான். கப்பல் தலைவர் நீளமாக ஒரு பதில் சொன்னாராம். கூடப் போன மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

கடைசியில் வழி பிறந்தது. கப்பல்கள் தூரத்தில் கடலிலேயே நிற்கட்டும். மைக்காரர் பாலத்தின் நடுவே நின்று, தொலைநோக்கியில் பார்த்துச் சொல்லட்டும். சொன்னார். மதியம் கடல்மேல் மூடுபனி இறங்கி ஒன்றும் தெரியாமல் போனது. அப்போதும் சொன்னார். கப்பலைப் பார்த்ததைவிட இது நன்றாக இருந்தது என்று ஜனங்கள் பேசிக்கொண்டு போனார்கள். கழுத்து வலிக்கவில்லையாம்.

மூன்றாவது வரிசையில் மனைவி டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் டம்ளரைத் தட்டினார். டொக், டொக், டொக். ஒன்றும் சொல்லவில்லை. தட்டிவிட்டு அவர் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அவளே தையல் மெஷினை நிறுத்தினாள்.

"நாலு மாடின்னு நான்தான் சொன்னேன்" என்றார்.

"தெரியும். போன்ல சொன்னப்போ பக்கத்துலதான் இருந்தேன்."

"இனிமே கப்பல் உள்ள வராது."

"கப்பல் வரலைன்னா நாம போவோம். நீங்க சொன்னது கூட்டிட்டுப் போறேன்னுதானே? இங்கிருந்துதான் ஏத்துவேன்னு சொல்லலையே."

அந்தப் பேச்சு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. நான்காவது விழா நெருங்கியதும் நேராகச் செயலாளரிடம் போனார். மேசையைத் தட்டினார். "இந்தத் தடவை நான் பேசப்போறதில்லை. ஒரு விசைப்படகு ஏற்பாடு பண்ணிக் கொடுங்க. வெளிய நிக்கிற கப்பல்ல ஏறணும். நானும் வீட்லயும்."

செயலாளர் வெலவெலத்துப் போனார். பேசுகிறவர் இல்லாமல் விழாவா? கப்பல் இல்லாமல்கூட நடத்திவிடலாம். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ஒண்ணு பண்ணுங்க அண்ணே. முன்னாடியே பேசிப் பதிவு பண்ணிக் கொடுத்துடுங்க. நாங்க போட்டுக்கிறோம்" என்றார்.

"வராத கப்பலைப் பத்தி எப்படிப் பேசுறது?"

"இதுவரைக்கும் எப்படிப் பேசினீங்க?"

அவர் பதிவுக்கு உட்கார்ந்தார். தெருச் சத்தம் உள்ளே வராமலிருக்க மனைவி முன்னறைச் சுவர் முழுக்கத் திரைகளைத் தொங்கவிட்டாள். கடைக்குக் கொடுக்க வேண்டிய திரைகள் இதனால் தாமதமாயின. நடுவில் மைக்கை வைத்துக்கொண்டு அவர் இன்னும் வராத கப்பல்களை ஒவ்வொன்றாக வரவேற்றார். அவள் மூலையில் அமர்ந்து பொத்தான்துளை தைத்துக்கொண்டிருந்தாள். பதிவு முடிந்த அன்று, பெரிய வேலை ஒன்று தலையை விட்டு இறங்கிய மாதிரி அவர் முகம் இருந்தது. படகு வந்து நிற்கும் இடம், நேரம், அங்கே ஏறும் நூலேணி எல்லாவற்றையும் விசாரித்து வந்து அவளிடம் சொன்னார். நூலேணியில் ஏறப் பழகவேண்டும் என்று கட்டட மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக ஏறிக் காட்டினார். "இடுப்பு பிடிச்சுக்கப் போகுது" என்றாள்.

இடுப்பு ஒன்றும் பிடித்துக்கொள்ளவில்லை. விழாவுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, ஒரு மத்தியானம் முன்னறையில் வயர் சுற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். தட்டிச் சொல்ல நேரம் இல்லை.

விழா தள்ளிப்போகவில்லை. கப்பல்கள் வழக்கம்போல வெளியே நின்றன. மனைவி டப்பாவோடு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். செயலாளர் குனிந்து, அவள் காதருகே பேசினார்.

"அண்ணி, படகு தயாரா இருக்கு. அண்ணன் கேட்டபடி ரெண்டு இடம். கூட யாரையாவது கூட்டிக்கங்க. ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்."

"கூட்டிட்டுப் போறேன்னு சொன்னவர் எங்க?"

அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே குழாய் ஒலித்தது. டொக், டொக், டொக். கூட்டம் அடங்கியது. அவள் கை தானாக டப்பாவின் மேல் நின்றது.

"அன்பான நகர மக்களே, இதோ உங்கள் முன்னால் வந்துகொண்டிருப்பது நாலு மாடி..."

"பத்து" என்றது அவர் குரலுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல். பதிவு நாளில் பொத்தான்துளை தைத்துக்கொண்டே அவள் சொன்னது. பதிவில் விழுந்திருப்பது அவளுக்கே இப்போதுதான் தெரிகிறது.

ஒரு செருமல். "பத்து மாடி உயரக் கப்பல்" என்றார் மைக்காரர்.

பாலம் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். செயலாளர் தைரியம் வந்தவராக, "அண்ணனோட ஆசை அண்ணி. நாங்க நிறைவேத்தி வெச்சா அவருக்கு நிம்மதியா இருக்கும்ல" என்றார்.

"ஆசை இல்ல, தம்பி. பாக்கி. வீட்ல சொன்னது. அதை நீங்க தீர்த்து வெச்சிட்டா, அப்புறம் நான் அவர்கிட்ட எதைக் கேட்டுச் சண்டை போடுறது? இருக்கட்டும். படகை அனுப்பிடுங்க."

செயலாளர் போய்ச் சொன்னார். படகில் மேயரின் சம்பந்தி குடும்பம் ஏறியது.

மேலே மைக்காரர், வராமல் போய்விட்ட ஒரு கப்பலின் அழகை விவரித்துக்கொண்டிருந்தார். ஜனங்கள் கடல் பக்கம் பார்த்துக் கை தட்டினார்கள். அவள் டப்பாவைத் திறந்து ஒரு முட்டையை உரித்துச் சாப்பிட்டாள். இன்னொன்றை உரிக்காமல் உள்ளே வைத்து மூடிக்கொண்டாள்.