மூன்று வரி

லிப்ட் பழுதுபார்ப்பவர்கள் மத்தியில் அவருக்குக் ‘காது’ என்று பட்டப்பெயர். இப்போதெல்லாம் லிப்டே தன் கோளாறைக் கம்பெனிக்குச் செய்தியாக அனுப்பிவிடுகிறது. காது அதைப் படிப்பார், நம்பமாட்டார். மேலும் கீழுமாக நாலு தடவை போய்வந்து, சுவரில் காதை வைத்துக் கேட்ட பிறகுதான் பையைத் திறப்பார். லிப்டுக்கு நாடி பார்க்கிறார் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள்.

மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் ஒரு நோட்டுக் கொடுத்தார்கள். கணக்கையும் கட்டுரையையும் மெஷின் போட்டுவிடும் காலத்தில், பிள்ளைகள் தங்கள் மனசையாவது தாங்களே படிக்கப் பழகட்டும் என்று டீச்சர் விளக்கினார். தினமும் மூன்று வரி: இன்று என்ன நடந்தது, எப்படி இருந்தது, ஏன். பெற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும், சொல்லிக்கொடுக்கக் கூடாது.

வேலை விட்டு வந்து உட்கார்ந்தார். எதைக் கேட்டாலும் தெரியலப்பா என்றாள். வாரம் முழுக்க அதே பாட்டுதான். அடுத்த வாரம் அவருக்குப் பொறுமை போய்விட்டது. எட்டு வயசுப் பெண் எழுதுவது போல மூன்று வரி கொடு என்று செல்போனைக் கேட்டார். மகள் அதைப் பார்த்து எழுதினாள். இரண்டே நிமிடம். டீச்சர் நட்சத்திரம் ஒட்டினார்.

“பெத்தவருக்குப் பிடிபடாத மனசு போனுக்குப் பிடிபட்டிருக்கு பாருங்க,” என்று மனைவி குத்திக்காட்டினாள். அவரும் சிரித்துவைத்தார். கொஞ்ச நாளில் மகளே போனைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

இப்போது அவளுக்குப் பதிமூன்று. மூன்று நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். காய்ச்சல் இல்லை. அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். நாலாம் நாள் காலை அவர் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

“என்னம்மா ஆச்சு?”

“தெரியலப்பா.” அப்பா மனம் நோகுமே என்று நினைத்தவள் போல, தலையணைக்கடியிலிருந்து போனை எடுத்தாள். “இருங்க, கேட்டுச் சொல்றேன்.”

திரையை நீட்டினாள். ‘நான் சற்றுச் சோர்வாக உணர்கிறேன். எனக்குச் சிறிது ஓய்வு தேவைப்படுகிறது.’ எங்கும் இடறாத வரிகள். நட்சத்திரம் வாங்கிய வரிகளைப் போலவே.

எழுந்துபோய் அலமாரி மேலிருந்த பெட்டியில் அந்தப் பழைய நோட்டைத் தேடி எடுத்தார். முதல் பக்கம் கோணல்மாணலாக இருந்தது. அவர் எழுந்துபோன பிறகு அவளாக எழுதியிருக்க வேண்டும்.

‘இன்னிக்கி ஒன்னும் நடக்கல. நல்லா இருந்துச்சு. அப்பா பக்கத்துல உக்காந்தாரு.’

கீழே அவருடைய கையெழுத்து. படிக்காமல் போட்டது.

கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வந்து மறுபடி கட்டிலோரம் உட்கார்ந்தார்.

“வேலைக்குப் போகலியாப்பா?”

“போகல.”

“நான் ஒன்னும் சொல்லப்போறதில்ல.”

“சரிம்மா.”

மத்தியானம் வரை அவள் திரும்பிப் படுக்கவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை.