முதல் மிடறு

பச்சைக் கண்ணாடிச் சோடாப் போத்தல் ஒன்றை இன்றும் என்னால் அப்படியே வரைந்து காட்ட முடியும். அதன் கழுத்தைச் சுற்றி வெள்ளைக் கைலேஞ்சித் துணி ஒன்று கட்டப்பட்டிருக்கும். எங்கள் வீட்டு விறாந்தையில் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம் முடிந்ததும், ரீச்சர் தன் கைப்பையைத் திறந்து அந்தப் போத்தலையும் திறப்பானையும் வெளியே எடுப்பார். அம்மா தேத்தண்ணித் தட்டத்தோடு அவர் முன்னால் நின்றுகொண்டிருப்பார். கூட்டத்துக்கென்றே நெல்லியடிச் சந்தையில் வாங்கிய பூப்போட்ட கோப்பைகள் அவை. நாங்கள் யாரும் அவற்றில் வாய் வைத்ததில்லை. "எனக்கு இது காணும் பிள்ளை" என்று ரீச்சர் சிரித்தபடி சொல்வார். தேவாலயத்தில் முன்வரிசையில் இருக்கும் குடும்பங்களைச் சேர்ந்த மற்றவர்களுக்கு வயிற்றெரிவு இருக்கும், உபவாசம் இருக்கும், இப்போதுதான் குடித்துவிட்டு வந்ததாக இருக்கும். ரீச்சர் மட்டும் பொய் சொன்னதில்லை. அவர் சோடா கொண்டுவந்தார். எல்லோரும் போனபின் ஆறிப்போன அந்தத் தேத்தண்ணியை அம்மா வாழையடியில் ஊற்றுவார்.

ரீச்சர் பள்ளிக்கூடமொன்றில் உபஅதிபராக இருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை. எங்கள் தேவாலயச் சுவரில் பதித்த கல்லொன்றில் அவருடைய பாட்டனாரின் பெயர் இருக்கிறது. என் அப்பா பனை ஏறுகிறவர். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துக் கூட்டியவள் நான்தான். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். ஓ.எல். பரீட்சையில் நான் நல்ல பெறுபேறு எடுத்த ஞாயிறன்று, தேவாலய வாசலில் ரீச்சர் அம்மாவிடம், "இவ்வளவும் காணும் பிள்ளை. உங்கடை ஆக்களுக்கு உதே பெரிய விசயம். உவளைக் கண்டபடி ஏத்திவிடாதை" என்றார். அம்மா "ஓம் ரீச்சர்" என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக அம்மாவோடு இரண்டு நாள் நான் கதைக்கவில்லை.

ஆனால் எனக்குள்ளும் ஒரு தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது. வகுப்பில் விடை தெரிந்தும் கை உயர்த்த மாட்டேன். பல்கலைக்கழக விடுதியில் அறைத்தோழி தாகமாக இருக்கிறது என்றால், என் போத்தலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். அவள் வேண்டாம் என்று சொல்லும் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை. ஏதோ ஒரு அழுக்கு என் கையில் இருக்கிறது, எத்தனை தரம் கழுவினாலும் அது மற்றவர்களின் கண்ணுக்குத் தெரிகிறது என்று நம்பினேன். இதைக் கடவுளே எனக்குச் சொன்னதாக நினைத்திருந்தேன். தேவாலயத்தில் திருவிருந்து நடக்கும் முறையும் அதையே சொன்னது. மாதத்தின் முதல் ஞாயிறு, பீடத்துக்கு முன்னாலுள்ள மரத்தடுப்பில் முழந்தாளிட்டு, எல்லோரும் ஒரே வெள்ளிக் கிண்ணத்தில் ஆண்டவரின் இரத்தமென்று திராட்சைரசம் குடிப்போம். முன்வரிசை முதலில் எழும்பும். எவருக்கும் முன்பு ரீச்சர். நாங்கள் கடைசியில் போவோம். அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. ரீச்சர் எங்களோடு ஒரே கிண்ணத்தில்தான் குடித்தார், ஆனால் எங்கள் வாய் படுவதற்கு முன்பு.

இறுதி வருட விடுமுறையில் ஒரு ஞாயிறு, கடைசி வரிசை வாங்கில் இருந்தபடி போதகரின் அழைப்பைக் கேட்டேன். சிறுவயதிலிருந்து மாதம் தவறாமல் கேட்ட அதே அழைப்புத்தான். எல்லோரும் வாருங்கள், எல்லோரும் குடியுங்கள் என்பதே அதன் சாரம். யார் முதலில், யார் பிறகு என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அன்றுதான் அது எனக்கு உறைத்தது. இத்தனை வருடமும் நான் கேட்டுக்கொண்டிருந்தது ரீச்சரின் குரலை. கடவுள் பேசியபோது நான் காது கொடுக்கவே இல்லை. அழைத்தவர் கடவுள். விருந்து மேசை அவருடையது. ரீச்சரும் என்னைப்போல அங்கே ஒரு விருந்தாளிதான். அந்த வாங்கிலேயே என் முதுகு நிமிர்ந்துவிட்டது. விடுதிக்குத் திரும்பிய அன்று அறைத்தோழியிடம் என் போத்தலை நீட்டினேன். அவள் மடமடவென்று குடித்துவிட்டு மூடியைத் தொலைத்தாள்.

விசுவாசம் என்னை நிமிர்த்தியது. சாந்தமாக்கவில்லை. ரீச்சருக்கு இதற்கு ஒரு பதில் கிடைக்கவேண்டும் என்று முழந்தாளில் நின்று ஜெபித்தேன். அந்தப் பதிலை அவரே தேடிக்கொண்டார். கொரோனாக் காலத்தில் தேவாலயத்தில் ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வைத்தார்கள். நோய் தணிந்தபின், புதிதாக வந்த இளம் போதகர் அதையே தொடரலாமா என்று சபைக் கூட்டத்தில் கேட்டார். ரீச்சர் எழும்பினார். "அதெப்பிடி ஐயா? நாங்கள் எல்லாரும் ஒரு சரீரம். எங்கடை வழமை ஒரே கிண்ணம்தான். அதை மாத்த ஏலாது" என்றார். முதலில் குடிக்கிறவருக்கு ஒரே கிண்ணத்தால் என்ன நட்டம்? யாராவது ஆமோதிக்கிறீர்களா என்று போதகர் கேட்டபோது, வாழ்க்கையில் முதல்தடவையாக எல்லோருக்கும் முன்பு கை உயர்த்தினேன். "ரீச்சர் சொல்லுறது சரி ஐயா. நாங்கள் ஒரு சரீரம்தான்" என்றேன். ரீச்சர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த முதல் ஞாயிறு, மணி அடிக்குமுன்னே போய் முன்வரிசையில் இருந்தேன். அப்போது நான் படிப்பை முடித்து, கணித ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அழைப்பு முடிந்ததும் எழும்பினேன். ரீச்சருக்கு முழங்கால் வருத்தம். அவர் வாங்கைப் பிடித்து நிமிர்வதற்குள் நான் மரத்தடுப்பில் முழந்தாளிட்டுவிட்டேன். அவர் வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். திரும்பிப் போனால் சபை பார்க்கும், அதனால் முழந்தாளிட்டார். நான் குடித்தேன். போதகர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, கிண்ணத்தைச் சற்றுத் திருப்பி அவரிடம் நீட்டினார். ரீச்சர் வாயை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினார். "சளி, ஐயா." முன்வரிசை முழுக்க அதைக் கண்டது. அன்று அவர் வேண்டாம் என்று தள்ளியது அம்மாவின் தேத்தண்ணியை அல்ல. எதைத் தள்ளுகிறார் என்பது அவருக்கும் தெரியும்.

அடுத்த மாதமும் சளி. அதற்கடுத்த மாதமும். பிந்தி வந்தால் இன்னும் பல பேருக்குப் பிறகு குடிக்கவேண்டி வரும், முந்தி எழும்ப முழங்கால் விடாது. சின்னக் கிண்ணம் கேட்கலாம் என்றால், வேண்டாம் என்று சபை நடுவில் சொன்னவரே அவர்தான். போதகர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "தங்கச்சி, வயசுபோன மனுசி. ஒரு மாதம் நீங்கள் பிறகு போனால் என்ன?" என்று கேட்டார்.

"ஐயா, கிண்ணம் அங்கைதான் இருக்கு. நானோ அவவின்ரை வாயைப் பொத்தினனான்?"

அவர் போனபின் அம்மா சொன்னார். "பாவம் அவ, பிள்ளை. விடன். என்ரை மனசிலை ஒண்டுமில்லை."

"என்ரை மனசிலை இருக்கு அம்மா."

ஆனால் அடுத்த முதல் ஞாயிறு, அம்மா கடைசி வாங்குக்குப் போகாமல் என்னோடு வந்து முன்வரிசையில் இருந்தார். நான் கேட்கவில்லை, அவரும் காரணம் சொல்லவில்லை.

சென்ற மாதம் ரீச்சர் மெலிந்துபோய், பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார். முதலில் நான், பிறகு அம்மா, அதன்பின் ரீச்சர் என்று மரத்தடுப்பில் முழந்தாளிட்டோம். நான் ஆறுதலாக, அவசரப்படாமல் ஒரு மிடறு குடித்தேன். அம்மா உதட்டில் பட்டும் படாமலும் குடித்தார். போதகர் விளிம்பைத் துடைத்தார். எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள், நான் மட்டும் குனியவில்லை. ரீச்சர் எங்கள் பக்கம் பார்க்காமல், மெதுவாக, "வடிவாத் துடைச்சனீங்களே ஐயா?" என்று கேட்டார்.

"துடைச்சனான் ரீச்சர்."

சிறிது நேரம் கிண்ணம் அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்து வாயில் வைத்தார். அவர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. வாயில் வைத்துவிட்டுத் துப்பவும் முடியும் என்று எனக்குத் தெரியும். சுருங்கிய அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒருமுறை ஏறி இறங்கியது. அதற்குப் பிறகுதான் கண்ணை மூடி ஆமென் சொன்னேன்.