பட்டியலில் இல்லாத மச்சான்

டெல்பர்ட் கிரான்ஸ் மர அறுவை மில்லில் வேலை பார்ப்பவர். வயது ஐம்பத்தாறு. வீட்டில் ஏழு துப்பாக்கி, எட்டாவது அவர் வாய் என்பாள் பெண்டாட்டி நார்மா. பென்சில்வேனியா மலைப்பக்கத்தில் மானைக் குறி தவறவிட்டவனின் சட்டை வாலைக் கத்தரித்து வேட்டைக் குடிலின் சுவரில் ஆணியடித்து மாட்டுவார்கள். டெல்பர்ட்டின் வால் மட்டும் நான்கு தொங்குகிறது. அதற்கெல்லாம் அவர் வெட்கப்பட்டதில்லை. ஆனால் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுக்காமல் எவனும் குடில் வாசலை மிதிக்கக் கூடாது. ஒருமுறை பாதிரியாரையே பனியில் நிறுத்தித் துப்பாக்கியைத் திறந்து காட்டச் சொன்னார்.

"சாமி, நீங்க கடவுளுக்குப் பதில் சொல்லிக்குவீங்க. என் கூரை ஓட்டையானா யாரு பதில் சொல்றது?"

அந்த வருஷம் மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தது. துப்பாக்கி கைமாறினால், வாங்குகிறவன் மேல் வழக்கு உண்டா என்று துப்பாக்கிக் கடையில் விசாரித்த பிறகே கொடுக்க வேண்டும். பெற்றோர், பிள்ளை, கணவன் மனைவி, உடன்பிறந்தோர், இவர்களுக்கு மட்டும் விலக்கு. டெல்பர்ட் விரல் வைத்து இரண்டு முறை படித்தார். விசாரிப்பது சரிதான் என்று பட்டது. பட்டியலில்தான் மச்சானைக் காணோம்.

மச்சான் என்றால் நார்மாவின் தம்பி லைல். பெண்டாட்டி விட்டுப் போன குளிர்காலத்தில், ஒரு காலை தன் நான்கு துப்பாக்கிகளோடும் வந்து நின்றான். "மாமா, இத நீங்க வச்சுக்கங்க. நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க." டெல்பர்ட் ஏன் என்று கேட்கவில்லை. இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மசோதா இப்படியே நிறைவேறினால், கடையில் விசாரிக்காமல் வாங்கி வைத்த அவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையேல் டெல்பர்ட் குற்றவாளி. லைல் இன்னும் சரியாகத் தூங்குவதில்லை.

சட்டமன்ற உறுப்பினர் ஹாஸ்லெட் அம்மாள் கருத்துக் கேட்க ஊர்த் தீயணைப்புக் கூடத்துக்கு வந்தார். டெல்பர்ட் எழுந்ததும், மசோதாவை எதிர்க்கும் துப்பாக்கிச் சங்கச் செயலாளர் வெர்ன் குரல் கொடுத்தான்.

"எங்க பக்கம் பேசப் போறியா, அவங்க பக்கமா?"

"உக்காருப்பா. என் பக்கம் பேசப் போறேன்." அம்மாள் பக்கம் திரும்பினார். "விசாரிங்கம்மா, வேணாங்கல. கெட்டவன் கைக்குப் போகக் கூடாது. ஆனா கடை ஒன்றரை மணி நேரம் தள்ளி இருக்கு, பாதி நாள் மூடியே கெடக்கு. யோக்கியன்தான் அலையுறான், திருடன் கடைக்கா வர்றான்? பக்கத்துல இருக்குற ஷெரிப் போலீஸ் ஆபீஸ்லயே விசாரிங்க. காசு வாங்காதீங்க. மூணு நாள்ல பதில் சொல்லுங்க. அப்புறம் எவன் சாக்குச் சொல்றான் பாப்போம். இன்னொண்ணு, மச்சானையும் பட்டியல்ல சேருங்க. இருபத்தெட்டு வருஷமா என் பிரிட்ஜத் தொறந்து திங்கிறான், அவன் சொந்தம் இல்லியா?"

கூடம் சிரித்தது. அம்மாள் சிரிக்கவில்லை. "அப்படி யாராவது நிஜமா குடுத்து வச்சிருக்காங்களா? இல்ல, பேச்சுக்குச் சொல்றீங்களா?"

டெல்பர்ட் கழுத்துவரை சிவந்து நின்றார். பெயரைச் சொன்னால் லைலின் மானம் போகும். சொல்லாவிட்டால் மச்சான் பட்டியலில் ஏறமாட்டான்.

பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. லைல் எழுந்தான்.

"நான்தாம்மா. நாலும் அவர்கிட்ட இருக்கு. நடுவுல ரெண்டு தடவ போயிக் கேட்டேன், தரல. மொதத் தடவ முட்டை பொரிச்சுக் குடுத்தாரு. ரெண்டாந் தடவ விறகு பொளக்க விட்டாரு. ஒரு வண்டி விறகும்மா."

மறுபடி சிரிப்பு எழுந்து, பாதியில் அடங்கியது.

"அவர் இல்லேன்னா போலீஸ்ல ஒப்படைச்சிருப்பீங்களா?" என்று அம்மாள் மெதுவாகக் கேட்டார்.

"மாட்டேன். ஊருக்கே தெரிஞ்சிரும்ல." லைல் சுற்றிப் பார்த்தான். "இப்பத் தெரிஞ்சு போச்சு. போகட்டும்."

அம்மாள் பேனாவை எடுத்துப் பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்த்தார். டெல்பர்ட் மூச்சு விட்டார். அப்போது வெர்ன் கை தூக்கினான்.

"மச்சானோட நிறுத்திராதீங்கம்மா. எனக்குக் கல்யாணமும் இல்ல, கூடப் பொறந்ததும் இல்ல. நான் எங்க போயிக் குடுப்பேன்?"

கூடத்தில் யாரும் திரும்பி அவனைப் பார்க்கவில்லை.

"எங்க வீட்டு அலமாரியில இன்னும் எடம் இருக்குய்யா," என்றார் டெல்பர்ட். "விறகும் இருக்கு."

அம்மாள் தான் எழுதியதை அடித்துவிட்டு, 'பத்திரமாகக் கொடுத்து வைப்பதானால், நம்பிக்கையான எவரும்' என்று எழுதினார்.