பெரியப்பாவுக்கு விழாத ஒரு ஓட்டு

என் பெரியப்பா ஜில்லா போர்டு மெம்பராகியிருக்க வேண்டியவர். ஆகாமல் போனதற்கு நான்தான் காரணம் என்று எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அப்போது எனக்கு ஏழு வயது.

அடையாற்றங்கரையில் அவருக்குச் செங்கல் சூளை இருந்தது. மாம்பலத்தில் புதுசு புதுசாக வீடுகள் எழும்பிய காலம். கூடவே பெரியப்பாவின் மதிப்பும் எழும்பியது. கல் வாங்க வந்த யாரோ ஒரு புண்ணியவான், நீங்கள் ஏன் எலெக்‌ஷனில் நிற்கக்கூடாது என்று கேட்டுவைத்தார். அவ்வளவுதான், நின்றுவிட்டார். எதிர்த்து நின்றவர் மரக்கடைக்காரர். ஓட்டுச் சீட்டைப் போட அப்போதெல்லாம் ஆளுக்கொரு நிறப் பெட்டி; அவருக்குச் சிவப்பு, பெரியப்பாவுக்குப் பச்சை.

இரண்டு மாதம் எங்கள் வீடு வீடாக இல்லை. ஓட்டு உள்ளவன், ஓட்டு உள்ளவனைத் தெரிந்தவன், சும்மா வந்தவன் எல்லோருக்கும் இலை போட்டார்கள். பெரியம்மாவும் என் அம்மாவும் அடுப்படியில் வெந்தார்கள். கடைசிப் பந்தி எழுந்த பிறகு சட்டியில் ஒட்டியதைச் சுரண்டி, நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வாள் பெரியம்மா. பெரியப்பாவோ, தான் ஜெயித்தால் மெம்பராக இருக்கும் வரைக்கும் இந்தப் பந்தி நிற்காது என்று போகிற இடமெல்லாம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

வரி கட்டுகிறவர்களுக்குத்தான் அப்போது ஓட்டு. பெரியம்மாவுக்கு அவள் அப்பா எழுதிவைத்த மாந்தோப்பு இருந்ததால் அவளுக்கும் ஒன்று இருந்தது. எங்கள் தெருவில் ஓட்டுப் போட்ட ஒரே பெண்பிள்ளை அவள்தான். அதில் பெரியப்பாவுக்கு ஏகப் பெருமை.

சைதாப்பேட்டைத் தாலுகா கச்சேரியில் ஓட்டு எண்ணினார்கள். பெரியப்பா என்னையும் ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டார். நான் பிறந்த வாரத்தில்தான் அவருக்கு முதல் பெரிய ஆர்டர் கிடைத்ததாம். அதனால் நான் ராசிக்காரி. பின்னாலேயே பேண்டு செட்டும் ஆளுயர ரோஜா மாலையும் வந்தன. மூன்று முறை எண்ணியும் இரண்டு பேருக்கும் சரிசமமாகவே வந்தது. அப்படியானால் திருவுளச்சீட்டுதான் சட்டம் என்றார் அதிகாரி. இரண்டு பெயரையும் எழுதிச் சுருட்டிச் சேவகனுடைய தண்ணீர்ச் சொம்பில் போட்டார்கள். எடுப்பதற்கு ஒரு குழந்தை வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் பெரியப்பா என்னைத் தூக்கி மேஜைமேல் நிறுத்திவிட்டார். மரக்கடைக்காரர் ஆட்சேபிக்கவில்லை. எந்த வீட்டுக் குழந்தையானால் என்ன என்று சொல்லிவிட்டார்.

நான் எடுத்தேன். மரக்கடைக்காரர் பெயர் வந்தது.

ஜெயித்தவர் வெளியே வந்ததும் வாசி என்றுதான் பேண்டு செட்டுக்குப் பெரியப்பா சொல்லியிருந்தார். அவர்களும் ஜெயித்தவருக்கு வாசித்தார்கள். மாலையும் அந்தக் கழுத்துக்கே போயிற்று. திரும்பி வரும்போது பெரியப்பா என் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் சித்தப்பா, இந்தக் கையால் இனிமேல் யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்காதே என்றார். அழுது தீர்த்தேன்.

என்னைக் காப்பாற்றத்தானோ என்னவோ, அப்பா மெல்ல ஒரு பேச்சை எடுத்தார். இன்னும் ஒரே ஒரு ஓட்டு விழுந்திருந்தால் சீட்டே எடுக்க வேண்டியிருக்காதே என்றார். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டு ஆண்கள், பங்காளிகள் எல்லோரையும் கூடத்தில் வரிசையாக நிறுத்தினார்.

"நம்ம சோத்தைத் துன்னுட்டு எவனோ செவப்புல போட்டுக்கீறான். எல்லாரும் கற்பூரம் அடிங்கடா."

பெரியம்மா தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஒவ்வொருவராக முன்னால் வந்து, பச்சையில்தான் போட்டேன் என்று சத்தியம் பண்ணி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார்கள். அணைய அணைய அவள் ஏற்றினாள். அவசரத்தில் சித்தப்பா கையைச் சுட்டுக்கொண்டார். சந்தேகம் முழுக்க அவர்மேல் திரும்பி, அவர் மட்டும் இரண்டாம் தடவை அடிக்க வேண்டியதாயிற்று. கடைசியில் கற்பூரமே தீர்ந்துபோனது. தட்டை ஏந்தி நின்றவளை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

வெற்றி விருந்துக்கு வடித்த சோறு ஆவி பறக்க அப்படியே இருந்தது. சாப்பிட வேண்டிய கூட்டம் மரக்கடைக்காரர் வீட்டுக்குப் போய்விட்டது. பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டார். அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"உம்மேல தப்பு இல்ல கண்ணு. நீ பாதிதானே பண்ண. வா, சோறு சூடா கீது."

எனக்கு ஒரு இலை போட்டாள். எதிரே தனக்கும் ஒன்று போட்டு, காலை நன்றாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சோற்றைக் குவித்துக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, அவசரமே இல்லாமல் சாப்பிட்டாள். மூன்று தடவை போட்டுக்கொண்டாள். வீடே சாப்பிடாமல் கிடக்கும்போது இவளுக்கு மட்டும் எப்படி இவ்வளவு பசிக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.